தொந்தரவே தராத மாத்திரை

ஒருவர் தனக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்று சொன்னால், நிஜமாகவே இல்லையா, வாய் வார்த்தைக்குச் சொல்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் பக்கத்து வீட்டு அக்கா சாத்தா தியாரா, ஊரில் ஜக்கார்த்தா என்று கூப்பிடும் சின்ன மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டே இதைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. தெரியாவிட்டால் அவருடைய வேலை போய்விடும் என்பதுதான் சிக்கல்.

சாத்தா, பானி ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை பார்த்தார். அங்கே மலேரியாவுக்கு ஒரு புது மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சிலருக்கு நிஜ மாத்திரை, சிலருக்கு அதைப் போலவே இருக்கும் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. விழுங்கியவர்களின் வீடுகளுக்குப் போய், வாந்தி, தலைசுற்றல், அரிப்பு ஏதாவது வந்ததா என்று விசாரிப்பது சாத்தாவின் வேலை.

எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குள் போனதும் விஷயத்துக்கு வந்துவிட முடியாது. வீட்டார் சுகமா, பிள்ளைகள் சுகமா, ராத்திரி நல்லபடியாகக் கழிந்ததா என்று வரிசையாகக் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் "தொந்தரவு ஒண்ணும் இல்ல" என்றுதான் பதில் வரும். காற்றில் கூரை பறந்து போயிருந்தாலும் அதுதான் பதில். கூரை போன சேதி பிறகு சாவகாசமாக வரும். பண்பானவரான சாத்தா, இந்த விசாரிப்பின் வால் போலவே மாத்திரைக் கேள்வியையும் கேட்பார். மாத்திரை எப்படி? தொந்தரவு ஒண்ணும் இல்ல. வயிறு எப்படி? தொந்தரவு ஒண்ணும் இல்ல. ஒரு அம்மாள் சுவரில் தலையைச் சாய்த்து, கண்ணைத் திறக்காமலே இப்படிச் சொன்னார். கண்ணுக்கு என்ன என்று சாத்தா கேட்டதற்கு, அது சும்மா மூடியிருக்கிறது என்றார்.

ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் தெம்பெலேவுக்கு இந்தப் பதில்களைப் பார்த்து முதலில் சந்தோஷம், பிறகு கவலை. சாத்தாவைக் கூப்பிட்டார்.

"வெறும் மாவ முழுங்கினாக்கூட நாலு பேருக்குத் தலைவலி வரும் அக்கா. நம்ம ஊர்ல ஒருத்தருக்கு ஏப்பம்கூட வரல. நீங்க மாமரத்தடியில டீ குடிச்சுக்கிட்டு நீங்களே எழுதிக் குடுக்கறீங்கன்னு பமாக்கோ தலைமை ஆபீஸ்ல நினைக்கிறாங்க."

அடுத்த வாரம் அங்கிருந்து கண்காணிப்பாளர் வருகிறாராம். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் ஆராய்ச்சி வேறு ஊருக்குப் போய்விடும். சாத்தாவின் வேலையும் ஆஸ்பத்திரி கொடுத்த வண்டியும் அதோடு போகும்.

அந்தக் கவலையோடுதான் மறுநாள், மாத்திரை விழுங்கியிருந்த கசாப்புக்கடை சுமானா திராவோரேயிடம் போனார். தியாரா குடும்பத்தாரும் திராவோரே குடும்பத்தாரும் பரம்பரையாகக் கேலி முறைக்காரர்கள். எங்கே பார்த்தாலும் ஒருவரை ஒருவர், வாயு பிடித்தவர் என்ற அர்த்தத்தில் பயறு தின்னி என்றும் என் வீட்டு அடிமை என்றும் திட்டிக்கொள்ளலாம். திட்டாமல் போனால்தான் மரியாதைக் குறைவு. கோபித்துக்கொள்ள யாருக்கும் உரிமை கிடையாது. ஆஸ்பத்திரிக் கோட்டு போட்டிருக்கும்போது மட்டும் சாத்தா இந்த வம்புக்கெல்லாம் போவதில்லை. அன்றைக்கு அவருக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது.

"யோவ் பயறு தின்னி, மாத்திரையையும் பயறுன்னு நெனச்சுத்தானே முழுங்கின? வயிறு என்ன பாடு பட்டுச்சு?"

சுமானா கத்தியைக் கீழே வைத்தார். இதற்குப் போய்த் தொந்தரவு இல்லை என்று சொன்னால் அவருடைய வம்சத்துக்கே இழுக்கு.

"என் அடிமை குடுத்த மாத்திரை வேற எப்படி இருக்கும்? குடலு கழண்டு போச்சு. தலை சுத்துனதுல ஆட்டுக்காலுன்னு நெனச்சு என் செருப்ப வெட்டிட்டேன். காதுல வேற கொய்ங்னு சத்தம், உங்க தாத்தா பாடுற மாதிரி."

சாத்தா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார், தாத்தாவைத் தவிர. செருப்பைக் காட்டச் சொன்னார். இரண்டு துண்டாகத்தான் இருந்தது.

டாக்டர் அன்றே வீடுகளைக் குடும்பப் பெயர்ப்படி பிரித்தார். திராவோரே வீடுகள் சாத்தாவுக்கு. குலிபாலி வீடுகளுக்கு, அவர்களைத் திட்டும் முறையுள்ள கெய்தா ஒருவர் வேண்டும். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் கெய்தா கிடைத்தார். திட்டு ஒரே ஒரு தடவைதான், அதற்குப் பிறகு எல்லோரிடமும் அதே கேள்விகள்தான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். ஊரெங்கும் வசவு மழை பொழிந்தது. கூடவே வாந்தியும் அரிப்பும் தலைசுற்றலும் வந்து குவிந்தன. அதில் எது நோய், எது கேலிக்காகச் சேர்த்த மசாலா என்று பிரிக்கத்தான் டாக்டர் திண்டாடினார்.

இந்த நேரம் பார்த்துக் கண்காணிப்பாளர் வந்தார். டை கட்டிய, சிரிக்காத மனிதர். காரை விட்டு இறங்கியதும் அவர் காதில் விழுந்தது, ஆஸ்பத்திரி வாசலில் ஒரு திராவோரே கிழவரைப் பார்த்து சாத்தா "ஏ பயறு மூட்டை" என்று கத்தியதுதான். நோயாளிகளை இப்படி அவமதிக்கும் இடத்தில் ஆராய்ச்சி நடக்கவே கூடாது, இன்றைக்கே மூடிவிடலாம் என்று டாக்டரிடம் சொன்னார். டாக்டர் விளக்க விளக்க அவர் முகம் இன்னும் இறுகியது.

சாத்தா அவரைக் கவனித்தார். நெற்றியெல்லாம் வேர்வை. ஒரு கை கார்க் கதவைப் பிடித்திருந்தது, இன்னொரு கை வயிற்றை. பயணம் எப்படி என்று பணிவாகக் கேட்டார்.

"தொந்தரவு ஒண்ணும் இல்ல" என்றார் கண்காணிப்பாளர்.

சாத்தா அவர் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்தார். ஃபூசேனி திராவோரே.

"திராவோரேயா? அப்ப வழியில தின்ன பயறு இப்ப எங்க நிக்குது, பயறு தின்னி?"

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். கண்காணிப்பாளர் தன் டையைப் பார்த்தார், பிறகு சாத்தாவைப் பார்த்தார். எவ்வளவு பெரிய பதவியாக இருந்தாலும் முறை முறைதான்.

"வாசல்ல நிக்குது, அடிமையே. விடிஞ்சதுல இருந்து புதருக்குப் புதரு வண்டிய நிறுத்திட்டு வர்றேன். கக்கூஸ் எங்க, சீக்கிரம் சொல்லு."

ஓடிப் போனவர் வெகுநேரம் கழித்து, டை இல்லாமல் வந்தார். வழியெல்லாம் தன் கார் ஓட்டுநர், நலமா என்று கேட்டபோது தொந்தரவு இல்லை என்றேதான் தானும் சொன்னதாக ஒப்புக்கொண்டார். சாத்தா உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தார். அதைக் குடித்துக்கொண்டே கண்காணிப்பாளர், டாக்டர் சொன்னதை முதலிலிருந்து கேட்டார். ஆராய்ச்சி இங்கேயே தொடரட்டும் என்றும், ஒரே திட்டு என்ற விதியைப் பமாக்கோவில் தானே எடுத்துச் சொல்வதாகவும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். காரில் ஏறும்போது சாத்தாவை இன்னொரு தடவை அடிமை என்று அழைத்தார்.

சாத்தா இன்றும் அதே ஜக்கார்த்தாவில்தான் போய்வருகிறார். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலும் யாராவது நோயாளிகளிடம் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டிருந்தால் இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். கதை கேட்பவர் திராவோரேயாக இருந்தால், பயறு வரும் இடங்களைக் கொஞ்சம் இழுத்துச் சொல்லுங்கள். நானும் ஒரு தியாராதான்.