பதினோராவது பலகை

எழுபதுகளில் மெல்பேர்னில் ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் கீறுவது என் வேலை. நான் கீறியது பிழை என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அப்படிச் சொல்லத் துணிந்த ஒரே ஆள் எங்கள் தச்சர். போலந்துக்காரர், அறுபதை நெருங்கியவர். கொங்கிறீற் ஊற்றுவதற்கு அச்சுப் பலகை அடைப்பவர்.

ஒருநாள் மதியம் ஒரு கடிதத்தை என் மேசையில் வைத்தார். போர்க்காலத்தில் ஜேர்மன் படை அவரைப் பிடித்துக்கொண்டுபோய், வடகடல் கரையில் பதுங்கு அரண் ஒன்றைக் கட்ட வைத்ததாம். அந்த ஊரார் இப்போது அதை நினைவிடம் ஆக்குகிறார்கள். பார்க்க வருபவர்களுக்காக ஒரு சுவரை உடைத்து வாசல் வைக்கப்போகிறார்கள். அங்கே வேலை செய்து உயிர் தப்பியவர்களுக்கு அந்தத் திட்டத்தை அனுப்பியிருந்தார்கள்.

"இந்தச் சுவருக்குள் ஓர் ஆள் இருக்கிறான்," என்றார். "ஊற்றும்போது விழுந்தான். வேலையை நிறுத்த விடவில்லை. எந்த இடம் என்று தெரிந்தவன் இப்போது நான் மட்டும்தான். கீறித் தா."

வீட்டில் சொன்னபோது என் கணவர் சிரித்தார். "முப்பது வருசத்துக்கு முந்தின சுவர். மனுசனுக்கு அளவு ஞாபகம் இருக்குமோ? உமக்கு வேற வேலை இல்லையே?"

"இருக்கு. எண்டாலும் கீறத்தான் போறன்," என்றேன்.

கடல் பக்க மூலையிலிருந்து பதினோராவது பலகை என்றார் தச்சர். நான் எங்கள் பலகை அகலத்தால் பெருக்கி, மில்லிமீற்றர் பிசகாமல் கீறிக் கொடுத்தேன். பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார்.

"பிழை. கையில் கிடைத்த பலகையெல்லாம் செங்குத்தாக நிறுத்தி அடித்தோம். ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம். அளக்காதே, எண்ணு."

பலகையைக் கழற்றினாலும் அதன் தடம் கொங்கிறீற்றில் நிற்கும். தினமும் பார்க்கிற எனக்கு அது உறைக்கவில்லையே என்று என்மீதே எரிச்சல் வந்தது.

ஒவ்வொன்றாகச் சொன்னார். முதலாவது ஒடுக்கம். மூன்றாவதில் பெரிய கணு. ஏழாவது பிளந்தது. பதினோராவதுக்கு வந்ததும் தாளில் அந்த இடத்தில் விரலை வைத்தார். நான் பேனையை வைத்துவிட்டேன். ஒரு மனிதர் ஒரு முழுச் சுவரைத் தலைக்குள் வைத்துக்கொண்டு எங்களோடு தேநீர் குடித்திருக்கிறார். அவரைப் பார்க்கவே எனக்குப் பயமாகவும் பக்தியாகவும் இருந்தது.

அனுப்பினோம். இரண்டு மாதம் கழித்து, சுவரின் புகைப்படத்தோடு பதில் வந்தது. மூன்றாவது தடத்தில் கணு. ஏழாவதில் பிளவு. வாசலுக்குக் குறித்திருந்த இடத்தில்தான் பதினோராவது தடமும் இருந்ததாம். வேறு சுவருக்கு மாற்றிவிட்டார்கள். பதினோராவது தடத்தின் கீழே ஒரு கல் பதிக்கப்போகிறோம், ஆளின் பெயர் என்ன என்று கேட்டிருந்தார்கள்.

"தெரியாது," என்றார் தச்சர். "அவன் பாஷை எனக்கு வராது. என் பாஷை அவனுக்கு வராது. சாப்பிடத் தரும் பாணைப் பிய்த்தால் பெரிய பாதியை எனக்குத் தருவான். அதை எழுது."

கல்லில் இதையெல்லாம் வெட்டுவார்களா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. எழுதினேன்.