தூசிதான்லா

கண்ணாடிப் பொருள் எது கைக்கு வந்தாலும் பிரியந்தி முதலில் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பாள். ஊறுகாய்ப் போத்தலானாலும் சரி, மூக்குக்கண்ணாடியானாலும் சரி. ஒன்பது வருடப் பழக்கம். பழக்கிவிட்டவன் லோகேஸ்வரன்.

மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள், ஜார்ஜ் டவுன் ஸ்டூடியோ ஒன்றில் ஆல்பம் ஒட்டிக்கொண்டே படம் பிடிக்கக் கற்றாள். தனியாக முதல் கல்யாணம் கிடைத்ததும் லோகேஸ்வரனிடம் பழைய லென்ஸ் ஒன்று வாங்கினாள். அவனும் கல்யாணப் படக்காரன்தான். உள்ளே நூல் நூலாக ஏதோ தெரிகிறதே என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"தூசிதான்லா தங்கச்சி. படத்துல விழாது."

அது தூசி இல்லை, கூலாட். இந்த ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் படரும் பூஞ்சை. மணப்பெண் சுதர்ஷினியின் முகம் ஒரு படத்திலும் தெளிவாக விழவில்லை. தாலி கட்டிய படம் வெறும் மூட்டம். அதைக்கூடப் பொறுத்திருப்பாள். "அந்தப் பிள்ளைக்குக் கை நடுங்கும், கூப்பிடாதீங்க" என்று அவனே வீடு வீடாகச் சொல்லித் திரிந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. மூன்று வருடம் அவளை ஒருவரும் அழைக்கவில்லை. அவளுக்கு வரவேண்டிய கல்யாணங்களையெல்லாம் அவன் பிடித்தான்.

மெல்ல மெல்லத்தான் நிமிர்ந்தாள். பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் அவள் கண்ணை நம்பி அழைக்கும் அளவுக்கு வந்தாள். இந்த வருடம் தைப்பூசம் முடிந்த வாரம், ஸ்டூடியோ வைத்திருக்கும் ஹாஃபிஸ் ஒரு லென்ஸைப் பார்த்துச் சொல்லச் சொல்லிக் கோப்பிக்கடைக்குக் கூட்டிப்போனான். விற்க வந்து உட்கார்ந்திருந்தவன் லோகேஸ்வரன். அவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"நல்லாப் பாருங்கம்மா. நம்மகிட்ட ஒளிவுமறைவே கிடையாது."

டார்ச்சை அடித்து, லென்ஸைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். கீறல் இல்லை. ஃபோகஸ் வளையம் தடையில்லாமல் திரும்பியது. ஓரத்தில் மூன்று பொட்டுத் தூசி, அவ்வளவுதான். அருமையான லென்ஸ்.

"என்னக்கா, ஓகேவா?" என்றான் ஹாஃபிஸ்.

"கூலாட் இருக்கு தம்பி."

"கூலாட்டா? எங்கம்மா?" லோகேஸ்வரன் எழுந்தே விட்டான். "அது தூசிதான்லா!"

"அக்கா சொன்னா சொன்னதுதான். வேணாம்ணே," என்று ஹாஃபிஸ் தேத்தண்ணிக்குக் காசு கொடுக்கப் போனான்.

லோகேஸ்வரன் பல்லைக் கடித்தான். "ஏம்மா, எனக்கும் உனக்கும் என்ன பகை?"

"சுதர்ஷினி கல்யாணம். கை நடுங்குற பிள்ளை."

அவன் முகம் வெளுத்தது. "நீயா?"

"போங்கண்ணே. பொய் சொல்றா, பழிவாங்குறான்னு தம்பிகிட்ட சொல்லுங்க. எதுக்குப் பழின்னு கேட்பான். அதையும் நீங்களே சொல்லுங்க."

ஒரே மூச்சில் இத்தனை பேச்சு அவள் பேசியதே இல்லை. லோகேஸ்வரன் கல்லாப்பக்கம் பார்த்தான், அவளைப் பார்த்தான், லென்ஸைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

ஹாஃபிஸ் சும்மா இருக்கவில்லை. லோகேஸ்வரன் கூலாட் லென்ஸை விற்க வந்த கதையைப் படக்காரர்களின் வாட்சப் குழுவில் அன்றே போட்டுவிட்டான்.

அந்த லென்ஸ் இன்னும் விலைபோகவில்லை. 'கூலாட் லோகேஸ்' என்றுதான் இப்போது அவனுக்குப் பெயர். பிரியந்திக்கு இந்த மாதம் நான்கு கல்யாணம். செய்தது தப்பென்று அவளுக்கு இதுவரை தோன்றவில்லை.