காடி வெட்டாத மாடி

எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம், மழைக்கு முன்னால் திண்டிவனம் வீட்டில் முடித்தாக வேண்டிய வேலை ஒன்றுதான் பாக்கி இருந்தது. மொட்டை மாடியின் மேல்தளம். வெறும் கான்கிரீட்டோடு குடிவந்திருந்தோம். முந்தைய மழையில் தெற்கு அறையின் கூரை கசிந்தது. அந்த அறையைத்தான் மூத்த மகளின் தலைப் பிரசவத்துக்கு ஒதுக்கியிருந்தோம். மார்கழியில் நாள். தாய்க்கும் பிள்ளைக்கும் சொட்டாத ஓர் அறை. எனக்கு வேண்டியது அவ்வளவே.

ஆடியில் தொடங்க வேண்டாம் என்று விட்டோம். ஆவணி முழுக்க மேஸ்திரி வேறொரு வேலையில் மாட்டிக்கொண்டார். புரட்டாசியில் அவர் வந்தபோது, வளைகாப்பு முடிந்து மகளும் புகுந்த வீடான ஒலக்கூரிலிருந்து வந்துவிட்டிருந்தாள்.

செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, ஒரு வாரம் ஆட்களை வைத்து மரக்கட்டையால் தட்டி, மேலே தட்டை ஓடு பதிக்கலாம் என்றார் மேஸ்திரி. கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி வெளியே வந்தாள்.

"புள்ளத்தாச்சி இருக்கற வூட்ல ஒரு ஆணி அடிக்கக் கூடாது. ஒரு வாரம் அவ தலைக்கு மேல தட்டுவாங்களா? இன்னாங்க, நீங்களும் கேட்டுக்கினு நிக்கறீங்க?"

"அதுவும் நெசந்தாம்மா" என்றார் மேஸ்திரி. "எம் பொண்ணு முழுவாம இருக்கசொல்ல நானே வூட்ல உளி எடுக்கல."

தார் பூசலாம் என்ற யோசனையை நானே தள்ளிவிட்டேன். எங்கள் தெருவிலேயே ஒரு மாடியில் அது சித்திரை வெயிலில் இளகிச் செருப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் பக்கத்து வீட்டு நண்பர் வினைல் ஷீட்டைப் பற்றிச் சொன்னார். விழுப்புரத்தில் ஒரே அலுவலகம், பதினொரு வருடமாக ஒரே ரயில், இப்போது அடுத்தடுத்த மனை. இரண்டு வீட்டுக்கும் மேஸ்திரி ஒருவரே. அவர் மாடியும் மேல்தளம் இல்லாமல்தான் கிடந்தது.

"பாண்டியில புதுசா வந்துக்குதுய்யா. பாய் மாதிரி சுருட்டிக் குடுக்கறான். பசை தடவி ஒட்டிட்டா ஒரு சொட்டு எறங்காது. சத்தமில்லாத வேலை, வூட்டம்மாவும் ஒத்துக்குவாங்க. ரெண்டு பேரும் சேந்தே போட்டுடலாம்."

விழுப்புரத்திலிருந்தே கண்டமங்கலம் வழியாகப் பாண்டிச்சேரி போய், உள்ளங்கை அகலத்தில் செங்கல் நிறத் துண்டு ஒன்றை மாதிரிக்கு வாங்கி வந்தார். அதை மூன்று நாள் வாளித் தண்ணீரில் போட்டேன். ஒரு வாரம் வெயிலில் காயவைத்தேன். முன்னும் பின்னும் மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். மடித்தாலும் வெடிக்கவில்லை. 'தேறியது' என்று நாட்குறிப்பில் எழுதினேன்.

கடையை நேரில் பார்க்கக் கிளம்பிய சனிக்கிழமை அவரே தடுத்தார். "பொண்ணு இருக்கற நேரத்துல உங்களுக்கு எதுக்கு அலைச்சல்? நான் பாத்துக்கறேன்." அக்கறை என்றே எடுத்துக்கொண்டேன்.

ஒரு வீட்டுக்கான ஷீட்தான் வந்தது. "உங்களுக்குத்தான் அவசரம். எனக்கு அடுத்த லோடுல வரட்டும்" என்றார். என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரே நாளில் ஒட்டி முடித்தார்கள். கைப்பிடிச் சுவரில் நான்கு அங்குலம் ஏற்றி, அங்கேயும் பசைதான். "சுவரில் ஏறும் விளிம்பை இப்படியே விடலாமா?" என்று கேட்டேன். மேஸ்திரி நண்பரைப் பார்த்தார்.

"ஒட்டினா போதும்னுதான் கடைக்காரன் சொன்னான்" என்றார் நண்பர்.

மழைநீர் வடியும் துளைகளைக் களிமண்ணால் அடைத்து, மாடியில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். கீழே ஒரு பொட்டு ஈரமில்லை. நான்கு அங்குல உயரத்தில் இருந்த விளிம்பை அந்தத் தண்ணீர் தொடவேயில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஐப்பசியில் காற்றோடு அடித்த மழையின் மூன்றாம் நாள் விளிம்பு சுவரை விட்டுச் சுருண்டது. சுவர் வழியாக இறங்கிய தண்ணீர் ஷீட்டுக்கு அடியில் போய்த் தங்கியது. வெயில் வந்த பிறகும் காய வழியில்லை. மேலே போகாத ஈரம் கீழே சொட்டியது. வெறும் கான்கிரீட்டாக விட்டிருந்தால்கூட இரண்டு நாளில் உலர்ந்திருக்கும். மகளின் கட்டிலை நான்கு முறை இடம் மாற்றினோம். அவளுக்கு இருமல் வந்தது.

கார்த்திகை முதல் வாரத்தில் சம்பந்தியம்மா பார்க்க வந்தார். அறைக்குள் நுழைந்ததும் சுவரில் கை வைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. பச்ச புள்ளய இதுல எங்க போடுவீங்க? எங்களுது ஓட்டு வூடுதான், மாடியெல்லாம் கெடையாது. ஆனா ஒழுவாது."

அன்று மாலையே மகளை அழைத்துப் போனார்கள். தாய்வீட்டில் நடக்கவேண்டிய தலைப் பிரசவம். என் மனைவி வாசல்வரைகூட வரவில்லை. மார்கழியில் ஒலக்கூரில் பேரன் பிறந்தான். இருவரும் நலம். பெற்ற மகளின் பிரசவத்துக்கு என் மனைவி விருந்தாளியாகப் போய் வந்தாள்.

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து மாடியில் உளிச் சத்தம் கேட்டது. ஏறிப் போனேன். ஒரு மூலையில் அதே செங்கல் நிற ஷீட். கைப்பிடிச் சுவரின் நான்கு பக்கமும் விரல் நுழையும் அளவுக்கு மேஸ்திரி கோடாக வெட்டிக்கொண்டிருந்தார்.

"இது எதுக்கு?"

"காடி சார். ஷீட்டு ஓரத்த இதுக்குள்ள செருவி சிமெண்ட்டு வெச்சி பூசிட்டா தண்ணி உள்ள போவாது. கடையில குடுத்த நோட்டீசுல படமே போட்டுக்குது."

"என் வீட்டுக்கு ஏன் வெட்டவில்லை?"

மேஸ்திரி உளியைக் கீழே வைத்தார். "இந்த வூட்டு ஐயாதான் வாணாம்னாரு. உங்க வூட்ல உளி வெக்கவுட மாட்டாங்க, சொன்னா வேலையே நின்னு பூடும்னாரு."

நண்பர் காப்பி டம்ளரோடு மேலே வந்தார். மேஸ்திரியின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"ஏன் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தா நீங்க போட்டிருக்க மாட்டீங்களே."

"போடாவிட்டால் உங்களுக்கு என்ன?"

டம்ளரைச் சுவர்மேல் வைத்தார். "புதுச் சரக்கு. நம்ம மழைக்கு நிக்குமான்னு யாராவது போட்டுப் பாத்தாத்தானே தெரியும். ஷீட்டு நின்னுச்சே சார், ஓரந்தானே வுட்டுடுச்சி. அதான் இப்ப காடி வெட்டிக்கினு..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பதினொரு வருட ரயில் பயணத்தில் அவர் என்னிடம் பொய் சொன்னதாக ஒரு நாளைக்கூட என்னால் நினைவுகூர முடியவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. நான் இறங்கி வந்தேன்.

மறுநாளிலிருந்து காலை ரயிலை விட்டுவிட்டு பஸ்ஸில் போனேன். ஒரு வாரம் கழித்து மனைவி கேட்டாள்: "அவரு கூட இன்னா சண்ட? அவரு வூட்டம்மா வந்து கேக்குது."

சொல்லத்தான் வாயெடுத்தேன். காடி என்றால் உளி. உளியை வேண்டாம் என்றது அவள். அவர் மறைத்ததைச் சொன்னால் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். மகளை அனுப்பிய நாளிலிருந்து அவள் அந்த அறைக்குள் போவதையே விட்டிருந்தாள்.

"ஆபீஸ் விஷயம்" என்றேன்.

"நல்ல மனுசங்க. பொண்ணு இருக்கசொல்ல எவ்ளோ ஒத்தாச பண்ணாரு. நீங்கதான் வீம்பு புடிக்கறீங்க" என்று சொல்லிவிட்டு, அந்த வீட்டுக்குக் கொடுக்க ஒரு கிண்ணத்தில் குழம்பு ஊற்றினாள்.