கிளுவை வேலியின் மேற்குப் பக்கம்

தாராபுரத்துக்கு வடக்கே ஒரு கொறங்காடு. ஆடுகள் மேய்வதற்கென்றே விடப்பட்ட புல்நிலம். நான்கு பக்கமும் கிளுவை என்னும் முட்செடியாலான உயிர்வேலி. விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றபின், அவ்வேலியில் வாழும் ஓணான்களின் உடலில் ஒட்டியிருக்கும் செவ்வுண்ணிகளை எண்ணுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். எதையும் பிடிப்பதில்லை. தொலைவிலிருந்து படமெடுத்து, பெரிதாக்கிப் பார்த்து எண்ணுவேன்.

மழை பொய்த்த ஒரு கோடையில் அந்த எண்ணிக்கை என்னைத் திடுக்கிடச் செய்தது. கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் குங்குமம் தூவியதுபோல் உண்ணிகள். நிலத்துக்குரிய அம்மையார் மோர் கொணர்ந்தபோது, "உங்கள் வேலி ஓணான்களுக்கு உண்ணி மிகுந்துவிட்டது" என்று சொல்லிவிட்டுச் சரவணம்பட்டியிலுள்ள என் வீட்டுக்குத் திரும்பினேன்.

பத்து நாள் கழித்துச் சென்றால், மறுநாள் பொக்லைன் வருகிறது என்றார் அம்மையார். வேலி முழுவதையும் பிடுங்கிவிட்டுக் கம்பி கட்டப்போகிறாராம்.

"ஏனம்மா?"

"நீங்கதானுங்களே சொன்னீங்க, உண்ணி மிகுந்துபோச்சுன்னு. எம்பட ஆட்டுக்குத் தொத்திக்கிட்டா என்னங்க பண்றது?"

"ஓணானின் செதிலுக்கடியில் வாழும் இவ்வகை உண்ணி ஆட்டை நாடாதம்மா."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கோணுமுங்க." வேலியை ஒருமுறை நோட்டமிட்டு, "எந்தப் பக்கத்துல எண்ணுனீங்க?" என்றார்.

"மேற்கே."

"அங்க கிளுவை காஞ்சு குச்சியாட்ட நிக்குதுங்களே! ஒண்ட நெழலில்ல, திங்கப் பூச்சியில்ல. கெழக்க பார்த்தீங்களா?"

"கிழக்கே முள் அடர்த்தி. ஓணான் எளிதில் கண்ணுக்கு அகப்படாது."

"அதனால எண்ணாம உட்டுப்போட்டீங்களாக்கும்! நல்ல வாத்தியாருங்க போங்க."

அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மாணவர் இப்படி எளிய பக்கத்தை மட்டும் எண்ணி வந்திருந்தால் ஏட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். என் அரைகுறைக் கணக்கால் ஓர் உயிர்வேலி ஒரே பகலில் அழியவிருந்தது.

அன்று மாலைவரை கிழக்குப் புதரில் மண்டியிட்டுக் கிடந்தேன். சட்டை இரண்டிடத்தில் கிழிந்தது. ஆயினும், படத்தில் அகப்பட்ட ஓணான்கள் கொழுத்திருந்தன. சிலவற்றின் மேல் உண்ணியே இல்லை. வெயிலும் பசியும் வாட்டும் உடலில் ஒட்டுண்ணியை எதிர்க்கும் ஆற்றல் குன்றுவது இயல்பு. மேற்கே எஞ்சிய ஓரிரு புதர்களில் ஓணான்கள் எல்லாம் நெருக்கியடித்துக் கிடந்ததும் உண்ணி பரவ வசதியாகியிருக்கும். ஓணான்களின் துயருக்கு வேலி காரணமன்று. வேலி பட்டுப்போனதே காரணம் எனத் தோன்றியது.

படங்களை அம்மையாரிடம் காட்டி, என் பிழையையும் ஒப்புக்கொண்டேன். படக்கருவியின் திரையை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு கைப்பேசியை எடுத்து, "நாளைக்கு வண்டி வேண்டாமுங்க" என்றார்.

ஐப்பசி மழை தொடங்கியதும் கிழக்கு வேலியின் கொம்புகளைப் போத்துகளாக வெட்டி மேற்கே நட்டார். கிளுவைக்கு அதற்குமேல் பணிவிடை தேவையில்லை. நட்ட கொம்பே துளிர்க்கும். தை மாதம் நான் சென்றபோது நட்டவை இலை விட்டிருந்தன. இளங்கொம்பொன்றில் ஓணான் ஒன்று தலையசைத்துக்கொண்டிருந்தது.

"இப்ப எப்படிங்க இருக்குது?" என்றார் அம்மையார், நோயாளியை விசாரிப்பவர்போல்.

"அக்குளில் இல்லை. கழுத்தில் இன்னும் சில உண்டு. ஒரு மழையை வைத்து நான் முடிவு சொல்லமாட்டேன்."

"நீங்க நாலு பக்கமும் எண்ணிப்போட்டே சொல்லுங்க. அதுக்குள்ள இன்னொரு வரிசை நட்டுப்போடறேன்" என்று அரிவாளுடன் நடந்தார்.