பாத்திரக்கடை பொன்ராஜின் விமானம்

அசோக் நகரில் கார் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். நிறுத்த இடமில்லாமல் அடுத்த வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுச் சண்டை போடுபவர்கள் அதைவிட நிறையப் பேர். விமானம் வைத்திருந்தவன், எனக்குத் தெரிந்து ஒருவன்தான். தி. நகரில் பாத்திரக்கடை நடத்தும் பொன்ராஜ். அவனுக்குக் கல்யாணமான புதிதிலிருந்து அந்த வீட்டுக்கு நான்தான் மீன் கொடுக்கிறேன். இப்போது அவனுக்குத் தலை வழுக்கை. என்றாலும் என்னைவிடச் சின்னவன், அதனால் அவன் என்றுதான் சொல்வேன். எழுதுகிறவர்கள் மரியாதைக்கு என்று அதை மாற்ற வேண்டாம்.

அவன் வளர்ந்தது ஆதம்பாக்கம். மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானத்தின் சத்தத்தில், மொட்டைமாடிக் கொடியில் காயும் வேட்டி அதிரும் என்பான். மற்றப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு பாடம் படித்தார்கள். இவன் பாடத்தை மூடிவைத்துவிட்டு வானத்தைப் பார்த்தான். அப்படிப் பார்த்தவன் கடைசியில் வந்து உட்கார்ந்தது அப்பாவின் கடையில். குக்கர், குத்துவிளக்கு, சீர்வரிசை அண்டா. மேலே தொங்கும் வாளியை எடுக்கவே முக்காலி போட்டு ஏறுகிற ஆள், நாற்பது வயதுக்கு மேல் விமானம் ஓட்டப் படித்தான்.

சும்மா படிக்கவில்லை. பரீட்சை எழுதினான், தோற்றான், மறுபடி எழுதினான். மேலே பறக்கிறவர்கள் கீழே இருப்பவர்களோடு ரேடியோவில் பேசும்போது, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டுமாம். அதைக் கடையிலேயே பழகினான். ஒரு அம்மாள் வந்து, "தோசைக்கல் காட்டுப்பா" என்றால், "தோசைக்கல் காட்டுகிறேன், சரிதானா?" என்று கேட்பானாம். அந்த அம்மாள் பயந்துபோய்ப் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவாளாம். அவன் மனைவி ஷீலா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஒருவழியாக உரிமம் கிடைத்தது. அதோடு விட்டிருக்கலாம். பழைய விமானம் ஒன்றையும் வாங்கிவிட்டான்.

விமானம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு பேர் உட்காரலாம், நடுவில் ஒரு டிபன் கேரியர் வைக்கலாம். மூக்கில் ஒரு விசிறி, கீழே மூன்று சக்கரம். ஷேர் ஆட்டோவுக்கும் மூன்று சக்கரம்தான், அதில் இன்னும் ஆறு பேர் ஏறுவார்கள். கடலோரமாகத் தெற்கே போனால் வரும் ஒரு சின்ன ஓடுதளத்தில், தகரக் கொட்டகைக்குள் துணி போர்த்தி அதை நிறுத்தியிருந்தான்.

வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அதற்குப் பறப்பதைவிடப் படுத்துக் கிடப்பதுதான் அதிகம் பிடிக்கும் என்று. ஓடினால் இத்தனை மணிக்கு ஒரு சோதனை. ஓடாமல் நின்றாலும் வருஷத்துக்கு ஒரு சோதனை. ஒரு ரப்பர் வளையம் தேய்ந்தால் அது வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும், வருகிற வரைக்கும் விமானம் தூங்கும். உப்புக் காற்றில் துரு ஏறும். துருவை எடுத்தால் வண்ணம் போகும். வண்ணம் அடித்தால் அதற்கும் ஒரு ஆள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு தடவை எஞ்சின் மூடிக்குள் மைனா கூடு கட்டிவிட்டது. முட்டை இருக்கிறது, கலைக்கக் கூடாது என்று காத்திருந்தான். குஞ்சு பொரித்தது, இறக்கை முளைத்தது, பறந்தும் போனது. அவன் விமானம்தான் பறக்கவில்லை.

அவன் கை பாத்திரக்கடைக் கை. எதைப் பார்த்தாலும் துலக்கத் தோன்றும். ஒரு நாள் புளியைக் கரைத்துக்கொண்டு போய் இறக்கையைத் தேய்த்திருக்கிறான். விமானத்தைப் பழுது பார்க்க வரும் எஞ்சினியர் பீர் முஹம்மது பார்த்துவிட்டு அலறியிருக்கிறார்.

"சார், இது அண்டா இல்ல சார்!"

"பளபளன்னு ஆயிடுச்சு பாருங்க."

"பளபளன்னு ஆனா பறக்காது சார். அரிச்சுப் போகும்!"

அதற்கும் ஒரு சோதனை, ஒரு கையெழுத்து.

தனியாகச் சில தடவை பறந்தது உண்மைதான். நான் பார்க்கவில்லை, போனில் படம் காட்டினான். படம் முழுக்க அவன் முகம், ஓரமாகக் கொஞ்சம் வானம். ஆனால் ஷீலாவை ஒரு தடவைகூட ஏற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இட்லி கட்டிக்கொண்டு அவளும் காரில் போவாள். கொட்டகை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவாள். இட்லியைத் தின்றுவிட்டுத் திரும்பி வருவாள். ஊரில் எல்லாரும் இட்லியை வீட்டிலேயே தின்கிறார்கள்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் போய்விட்டுப் பறக்காமல் வந்திருந்தார்கள். ஷீலா வெடித்துவிட்டாள்.

"விமானத்துல ஏறுறதுக்குன்னு எடுத்த சுடிதார், ஏறாமலே சாயம் போயிடுச்சு. இன்னிக்கு என்ன?"

"குறுக்குக் காத்து ஷீலா. நான் என்ன பண்ண?"

"போன வாரம்?"

"மேகம் தாழ இருந்துச்சு."

"அதுக்கு முந்தின வாரம்?"

"பர்மிஷன் வரல."

"அதுக்கு முன்னாடி மைனா!"

"மைனாவைக் குத்தம் சொல்லாத. அது பாவம்."

"நான் பாவம் இல்லையா? கேட்டுக்குங்க. விஜயதசமி அன்னிக்கு என்னை ஏத்திக்கிட்டு அது தரையை விட்டு எழும்பணும். எழும்பலன்னா வித்துடணும். கெங்கம்மா ஆயா சாட்சி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னை ஏம்மா இஸ்துக்கினு போற இதுல? நான் மீனு விக்க வந்தவ."

"நீதான் ஆயா சரி. எடையில கால் மீனு கூட யாருக்கும் விட்டுத்தர மாட்ட."

பொன்ராஜ் என்னைப் பார்த்தான். அவனுக்கு முகம் வாடிவிட்டது. அந்த விமானம்தான் அவனுக்கு எல்லாம். கடைக்கு விடுமுறை விட்டாலும் விடுவான், அதற்கு விட மாட்டான். ஆனாலும் ஒத்துக்கொண்டான்.

"சரி. ஆயா என்ன சொல்லுதோ அதான்."

"பின்னாடி பேச்சு மாறக்கூடாது, இன்னா நைனா?"

"மாற மாட்டேன் ஆயா."

அந்த ஒரு மாதமும் அவன் கடையில் இருந்ததாகவே தெரியவில்லை. வெளிநாட்டு வளையம் வந்து சேர்ந்தது. சோதனை முடிந்தது. பீர் முஹம்மது எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டார். ஆயுத பூஜை வந்தது.

அவன் கடையில் ஆயுத பூஜைக்கு ஒரு வழக்கம் உண்டு. அவன் அப்பா வைத்துவிட்டுப் போனது. பாத்திரம் என்றால் வாய்தான் அதற்கு முகம், ஆகவே பொட்டை வாயில்தான் வைக்க வேண்டும். குடத்துக்கு வாயில், சொம்புக்கு வாயில், குக்கருக்கு விசில் வைக்கிற ஓட்டையில். நன்றாகக் குழைத்த சந்தனத்தை விரல் நிறைய எடுத்து அப்பி, மேலே குங்குமம். மறுநாள் விஜயதசமி அன்று வேலை தொடங்கும்வரை யாரும் அதைத் துடைக்கக் கூடாது. கடையில் பூஜை முடிந்ததும் மிச்சச் சந்தனத்தைக் கிண்ணத்தோடு எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனான். விசிறிக்கு ஒரு பொட்டு, சக்கரத்துக்கு ஒவ்வொன்று, கதவுக்கு ஒன்று. எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று சுற்றிச் சுற்றி வந்து வைத்தானாம்.

மறுநாள் காலையில் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். புரட்டாசியில் மீன் விற்காது, எனக்கும் வேலை இல்லை. ஷீலா புதுச் சுடிதார் எடுத்திருந்தாள். இட்லி கட்டவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்கும் உள்ளுக்குள் ஆசைதான் என்று.

பூசணிக்காயை ஓடுதளத்தில் உடைக்கப் போனான். சில்லு பறந்து விசிறியில் அடிக்கும் என்று பீர் முஹம்மது தடுத்தார். வெளி கேட்டுக்குப் போய் உடைத்துவிட்டு வந்தான். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் மட்டும் வைத்தான். பிறகு பறக்கும் முன் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தான். பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். இறக்கையை ஆட்டிப் பார்த்தான். அவ்வளவு கவனம். நானே கொஞ்சம் நம்பிவிட்டேன்.

இரண்டு பேரும் ஏறினார்கள். விசிறி சுற்றியது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. நானும் பீர் முஹம்மதும் கொட்டகை வாசலில் நின்றோம். விமானம் ஓடுதளத்தில் கிளம்பிச் சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. மூக்கு லேசாகத் தூக்கியது. நான் கும்பிடக் கையை எடுத்தேன். அதற்குள் சத்தம் அடங்கி, மூக்கு மறுபடி கீழே விழுந்து, அது ஓடி ஓடி, ஓடுதளத்தின் கடைசியில் வேலிமுள் புதருக்குக் கொஞ்சம் முன்னால் போய் நின்றது.

உள்ளே நடந்ததை ஷீலா சொன்னாள். வேகம் காட்டும் முள் ஒன்று அதற்குள் இருக்கிறது. அந்த முள்ளைப் பற்றி அவன் சோறு தின்னும்போது, தூங்கும்போது எல்லாம் பேசிப் பேசி அவளுக்கு மனப்பாடம். விமானம் அவ்வளவு ஓட்டம் ஓடியும் முள் பூஜ்யத்திலேயே கிடந்திருக்கிறது. அவன் நேரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவள்தான் பார்த்தாள்.

"என்னங்க, நாம போறமா இல்லையா? இது பூஜ்யத்துலயே நிக்குது?"

ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் எதற்கும் அவள் பேச்சைக் கேட்காதவன், அந்த ஒரு தடவை கேட்டான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் எஞ்சினை அடக்கி, பிரேக்கைப் போட்டான். அதை நான் மறைக்க மாட்டேன்.

விமானத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பீர் முஹம்மது இடது இறக்கைக்குக் கீழே குனிந்தார். சுண்டுவிரல் பருமனில் அங்கே ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. எதிர்க்காற்று அதன் வாய்க்குள் போனால்தான் உள்ளே வேகமுள் நகருமாம். தூசி போகாமலிருக்க அதற்கு ஒரு துணித் தொப்பி உண்டு. பொன்ராஜ் முதல்நாள் தொப்பியைக் கழற்றி, வாய் எங்கே என்று தேடிக் கண்டுபிடித்து, விரல் நிறையச் சந்தனத்தை அப்பி, குங்குமமும் வைத்து, தொப்பியை மாட்டிவிட்டு வந்திருக்கிறான். ராத்திரியில் அது கல் மாதிரி காய்ந்துவிட்டது.

"காலையில தொப்பியைக் கழட்டினப்போ பாக்கலையா சார்?"

"பாத்தேன். பொட்டு இருந்துச்சு. வேலை தொடங்கறதுக்கு முன்னாடி துடைக்கக் கூடாதுல்ல?"

"நானும் பாத்தேன் சார். சாமி விஷயம், நாம எதுக்குக் கை வைக்கணும்னு விட்டுட்டேன்."

ஒருவனுக்குப் பக்தி, இன்னொருவருக்கு மரியாதை. நடுவில் ஷீலா புதரில் போய்ச் சொருகியிருப்பாள்.

பொன்ராஜ் ஷீலாவின் துப்பட்டாவிலிருந்து சேஃப்டி பின்னைப் பிடுங்கிக் குழாயைக் குத்தப் போனான். பீர் முஹம்மது கையைப் பிடித்துக்கொண்டார். குழாயைக் கழற்றி, உள்ளே சுத்தம் செய்து, சோதித்துப் பார்க்காமல் கிளப்பவே கூடாது, இன்றைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். அப்போதுதான் பொன்ராஜுக்குப் பந்தயம் நினைவு வந்தது. என் பக்கம் திரும்பினான்.

"ஆயா, முன்சக்கரம் எழும்பிச்சு. நீ பாத்தல்ல?"

"பாத்தேன்."

"அப்ப எழும்பிச்சுல்ல? கணக்கு சரியாப் போச்சு!"

"நைனா, எங்க போட்டைத் தள்ளும்போது மூக்கு அலையில தூக்கிக்கும். பின்பக்கம் மணல்லதான் கீது. அத்தப் பாத்துட்டு எவனாச்சும் கடலுக்குப் போயிட்டேன்னு சொல்வானா?"

"மூணு சக்கரத்துல ஒண்ணு எழும்பிச்சே ஆயா!"

"அப்ப மூணுல ரெண்டு பங்கை வித்துடு."

பீர் முஹம்மது சிரிப்பை அடக்க முடியாமல் கொட்டகைக்குள் போய்விட்டார். பொன்ராஜ் ஷீலாவிடம் பாய்ந்தான். "நீ ஏன் அப்ப போய்க் கேட்ட? இன்னும் கொஞ்ச நேரம் சும்மா இருந்திருந்தா எழும்பியிருக்கும்!"

அந்தக் கேள்வியைக் கேட்ட வாயில் மிச்சச் சந்தனத்தை அப்பியிருப்பேன். கிண்ணம் கைக்கு எட்டவில்லை.

"சாட்சி கேட்டல்ல, வாங்கிக்கோ," என்றேன். "எழும்பல."

ஷீலா ஜெயித்துவிட்டாள். ஆனால் கார் அசோக் நகர் வந்து சேரும்வரை சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். புதுச் சுடிதாரைக் கையால் நீவி நீவி விட்டுக்கொண்டாள்.

ஐப்பசி பிறந்ததும் விமானத்தைச் சேலத்துப் பக்கத்துக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். அதை லாரியில் கட்டி அனுப்ப அவனுக்கு மனசு வரவில்லை. அங்கேயும் ஒரு ஓடுதளம் இருக்கிறது, நானே ஓட்டிக்கொண்டு போய் விடுகிறேன் என்றான். குழாய் சுத்தமாகியிருந்தது, பொட்டு எங்கேயும் இல்லை. பக்கத்து இருக்கை சும்மாதானே போகிறது என்று ஷீலாவும் ஏறிக்கொண்டாள். போய்க் கொடுத்துவிட்டு, இரண்டு பேரும் பஸ்ஸில் திரும்பி வந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மீன் கொண்டுபோனேன். பொன்ராஜ் கூடத்தில் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தான். ஷீலா பின்கட்டுக்கு வந்து என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பாதி தூரம் வாந்தி ஆயா. ஆனா கீழ மலையெல்லாம் சுருட்டி வெச்ச ஜமுக்காளம் மாதிரி கிடந்துச்சு. ஏரிக்குள்ள எங்க விமானத்தோட நிழல் போச்சு. நான் கையை ஆட்டினேன்னா பாத்துக்கோ." தரையில் ஒட்டியிருந்த செதிலை நகத்தால் சுரண்டினாள். "வித்திருக்க வேணாம் போல. அந்தாளுகிட்ட சொல்லிடாத. சொன்னா, சாயங்காலமே இன்னொண்ணு வாங்கிட்டு வந்து நிப்பாரு."

"கேட்டா சொல்லுவேன்," என்றேன். "பொய் சொல்ல மாட்டேன். கேக்காம நான் ஏன் சொல்லப் போறேன்?"

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போகிறேன். அவனும் பின்கட்டு வாசலுக்கு வந்து நிற்கிறான், மீனை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்க்கிறான். ஷீலாவுக்குப் பிடித்திருந்ததா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், நான் அங்கேயே சொல்லிவிடுவேன். இதுவரை கேட்கவில்லை. அவன் கேட்பதெல்லாம் ஒன்றுதான்.

"ஆயா, மனசைத் தொட்டுச் சொல்லு. அன்னிக்கு முன்சக்கரம் எழும்பிச்சா இல்லையா?"

"எழும்பிச்சு நைனா," என்று சொல்லிவிட்டுச் செதில் எடுக்கிறேன்.