எனக்குக் கிட்டப்பார்வை

கண்ணில் கோளாறு என்று முதலில் தெரிந்தது மலேசியாவின் செனாயில், தொழிற்சாலை பஸ் ஏறும் இடத்தில். வந்து நின்ற பஸ்ஸில் எழுதியிருந்த பெயர் தெரியவில்லை. ஏறி உட்கார்ந்த பிறகுதான் வேறு கம்பெனி பஸ் என்று புரிந்தது. பள்ளியில் முன் பெஞ்சில் உட்கார்ந்தே சமாளித்தவள் நான். இனி முடியாது என்று கிளினிக்குக்குப் போனேன்.

தாதி மலாயில் “ராபுன் ஜாவ்” என்றார். ராபுன் என்றால் மங்கல், ஜாவ் என்றால் தூரம். நானே அதைத் தமிழாக்கி, தூரப்பார்வை என்று சூப்பர்வைசரிடம் சொல்லி வைத்தேன். சர்க்கிட் போர்டுகளைச் சோதிப்பது என் வேலை.

“அப்ப கிட்ட உள்ளது தெரியாதே. செக்கிங் வேணாம்மா, பேக்கிங்குக்குப் போங்க.”

“நல்லாத் தெரியுது அண்ணே.”

“ரிஸ்க் லா.”

பல வருடம் உட்கார்ந்த மேசை போனது. பெட்டிகளுக்கு டேப் ஒட்டினேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. “பேசாம வேலைய விட்டுடேன்” என்றார் கணவர். நான் பெரிய மருத்துவமனைக்குக் கிளம்பினேன்.

மருத்துவமனையில் கண் டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். சொட்டு மருந்து விட்டு விழித்திரையை (கண்ணின் பின்புறம் பிம்பம் விழும் இடம்) பார்த்தார். கண் நீண்டுவிட்டதால் பிம்பம் திரைக்கு முன்பே விழுகிறதாம். நான் தூரப்பார்வை என்றதும் சிரித்தார்.

“உங்களுக்குக் கிட்டப்பார்வை. மலாய்ல எது தெரியலையோ அத வச்சுப் பேர் சொல்றாங்க. நாம எது தெரியுதோ அத வச்சுச் சொல்றோம்.”

“குணமாகுமா டாக்டர்?”

“நீண்ட கண்ணு சுருங்காது. கண்ணாடி போடுங்க, வருஷா வருஷம் வந்து காட்டுங்க. மின்னல் மாதிரி தெரிஞ்சா உடனே வாங்க. உங்க வேலைய தாராளமா செய்ங்க.”

மறுநாள் சூப்பர்வைசர் முன்னால் புதுக் கண்ணாடியைக் கழற்றினேன். மற்றவர்கள் சோதித்து முடித்த போர்டு ஒன்றை மூக்கருகே பிடித்து, முடியளவு விரிசலைக் காட்டினேன். அவர் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினார். “அலமாக்” என்று மலாயில் வியந்தார். மேசை திரும்பி வந்தது.

உங்களுக்கும் கண்ணில் ஏதாவது என்றால், எது தெரியாது என்பதோடு வீடு திரும்பாதீர்கள். எது தெரியும் என்றும் கேட்டு வாருங்கள்.

என் வருடம் இப்போது சொட்டு மருந்து விடும் நாளில்தான் பிறக்கிறது. கண்ணாடி இல்லாவிட்டால் என் உலகம் ஒரு முழத்துக்குள் முடிகிறது. அந்த ஒரு முழத்தில் எனக்குத் தப்புவது எதுவும் இல்லை. ஹாலில் இருந்து கணவர் இன்னமும் வேலையை விடச் சொல்கிறார். நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “யாருங்க பேசுறது? மூஞ்சி தெரியலையே” என்கிறேன்.