அஸ்தமனத்துக்கு முன்போ பின்போ

“பெப்ரவரி, கடைசிச் செவ்வாய். பேராசிரியர் மாலையில் காலமானார். 6.20க்கு அவருடைய தங்கை லோசானிலிருந்து தொலைபேசியில் சொன்னார்.” என் நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்.

அவர் யூதவியல் பேராசிரியர். நான் ஆஸ்பத்திரிச் சமையலறையில் காலை வேலையை முடித்து, அட்லிஸ்வில் வீட்டுக்குத் திரும்பாமல், சூரிச்சில் அவருடைய விரிவுரையில் போய் உட்காரும் வெளியாள். பரீட்சை இல்லை, கேட்க மட்டும் அனுமதி. நாலு வருடம் போனேன். பல நாள் பின்வரிசையில் தூங்கியிருக்கிறேன். அவர் எழுப்பியதில்லை; முடிந்ததும் தன் குறிப்புத் தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். என் முழுப் பெயரையும் பிழையில்லாமல் சொன்ன ஒரே சுவிஸ்காரர்.

தகப்பனின் நினைவு நாளில் ஒரு முழு நாள் எரியும் மெழுகுவர்த்தி ஏற்றுவார். யூத நாட்காட்டிப்படி வருவதால், எங்கள் திவசம் போலவே அதுவும் வருடா வருடம் திகதி மாறும். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. தங்கைக்கு இதிலெல்லாம் பற்றில்லை. “நீங்கள் நாட்குறிப்பு எழுதும் திகதிக்காரர். என் நாளையும் எழுதி வையுங்கள்” என்றார் ஒருமுறை. சிரித்தபடிதான் சொன்னார். நான் சரியென்றேன்.

அவர் போய் மூன்று வருடமாக அந்த மெழுகுவர்த்தியை ஏற்றுகிறேன். போன மாதம் பழைய கொப்பிகளை அடுக்கும்போது என் கையெழுத்திலேயே கண்டேன்: யூதருக்கு நாள் பிறப்பது சூரிய அஸ்தமனத்தில். கீழே கோடும் போட்டிருந்தேன். விடியலில் நாள் தொடங்கும் வீட்டில் வளர்ந்தவன், அந்தச் செவ்வாயை அப்படியே அவர்களுடைய திகதிக்கு மாற்றியிருக்கிறேன். அன்று அஸ்தமனம் ஆறு மணியளவில். அதற்குப் பிறகு உயிர் போயிருந்தால், மூன்று வருடமும் ஒரு நாள் முந்தி ஏற்றிவிட்டேன்.

தங்கையைக் கேட்டேன். அவர் இறந்த ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்ததும் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் எனக்கு எடுத்தாராம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நேரம் கேட்டு அந்த ஆஸ்பத்திரிக்கு எழுதினேன். உறவினருக்கு மட்டுமே விவரம் தருவார்களாம். தங்கை எழுத விரும்பவில்லை. அந்த நாளைத் திரும்பக் கிளற அவருக்குக் களைப்பு. வற்புறுத்த எனக்கும் தெம்பில்லை.

இந்த வருடத்து நாள் வருகிற கிழமை. மனைவியிடம் சொன்னேன்.

“உங்கட அப்பான்ர திவசத்தையே நான்தான் ஞாபகப்படுத்த வேணும். வாத்தியாருக்கு மட்டும் நிமிசக் கணக்கோ?” என்றா. பிறகு, “ரெண்டு நாளும் ஏத்துங்கோவன்.”

ஏற்றலாம். ஆனால் அவர் எழுதி வைக்கச் சொன்னது ஒரு நாளை.

அந்தச் செவ்வாய்க்குக் கீழே இன்று சேர்த்தது: இறந்த நேரம் அஸ்தமனத்துக்கு முன்போ பின்போ, உறுதிப்படுத்தப்படவில்லை.